கரைசல் துளி காய்ந்து துகளாவது எப்படி? கணக்குப் போட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பால் பவுடர், இன்ஸ்டன்ட் காபி, சலவைத் தூள், மூச்சில் இழுக்கும் சில மருந்துகள். பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனால் தயாராகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். கரைசலை நுண்துளிகளாகச் சிதறடித்துச் சூடான காற்றுக்குள் விடுவார்கள். நீர் ஆவியாகிப் போகும், துகள் மிஞ்சும். ஆலைகளில் ஸ்ப்ரே டிரையர் என்று சொல்வது இதைத்தான். 1872-லேயே சாமுவேல் பெர்சி என்பவர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

அந்த ஒற்றைத் துளிக்குள் நடப்பதைக் கணினியில் மாதிரியாக எழுதுவதுதான் என் அன்றாட வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும், ஆலைகளிலிருந்து பேசும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒரு துளி காய்வதற்கு இத்தனை கணக்கு எதற்கு? நீர் போகிறது, திடப்பொருள் மிஞ்சுகிறது. அவ்வளவுதானே?

எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் கேட்டால் பள்ளிக்கூடக் கணக்கே போதும். எந்த வடிவில் மிஞ்சும் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.

குருணையாக இல்லாமல் மாவுபோல் இருக்கும் இன்ஸ்டன்ட் காபித் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி பழுப்புத் தூளாகத் தெரிந்தது, உள்ளே பார்த்தால் ஒரு கண்காட்சி. ஒரு துகள் பந்துபோல் வழவழவென்று இருக்கும். பக்கத்தில் இருப்பதில் ஒரு பக்கம் துளை, உள்ளே வெறும் கூடு. இன்னொன்று உடைந்த முட்டை ஓடு. இன்னொன்று உலர்ந்த திராட்சைபோல் சுருங்கிக் கிடக்கும். எல்லாம் ஒரே டப்பாவில் இருந்தவை, ஒரே கரைசலில் பிறந்தவை.

தூள் ஒரு டப்பாவில் எவ்வளவு கொள்ளும், தண்ணீரில் கட்டி தட்டாமல் கரையுமா, கொட்டினால் சரளமாக விழுமா என்பதெல்லாம் இந்த வடிவத்தைப் பொறுத்தவை. மருந்தாக இருந்தால் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். நுரையீரலின் அடிவரை போய்ச் சேர, துகள் காற்றில் 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ளதுபோல் நடந்துகொள்ள வேண்டும். உள்ளே வெறுமையாக, எடை குறைந்து இருந்தால், அளவில் சற்றுப் பெரிய துகளும் அப்படி நடந்துகொள்ளும். 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸுபெரா என்ற இன்சுலின் தூள் ஸ்ப்ரே டிரையரில் தயாரானதுதான்.

எங்கிருந்து தொடங்குவது?

வெறும் நீர்த்துளியிலிருந்து. அமைதியான காற்றில் தொங்கும் துளியின் விட்டத்தை அளந்து, அதன் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். விட்டம் அல்ல, கன அளவும் அல்ல, விட்டத்தின் வர்க்கம். 1877-ல் மேக்ஸ்வெல் போட்ட அடித்தளத்தில், 1918-ல் லாங்மியூர் சிறு கோளங்கள் ஆவியாவதை விளக்கியபோது வந்து நின்ற விதி இது.

20 டிகிரி வறண்ட காற்றில் இந்த வர்க்கம் நொடிக்குச் சுமார் 1300 சதுர மைக்ரான் குறையும். 100 டிகிரி வறண்ட காற்றில் சுமார் 7000. 50 மைக்ரான் துளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்ட வர்க்கம் 2500. சாதாரண அறைச் சூட்டில் அது மறைய 2 நொடி ஆகும், 100 டிகிரியில் மூன்றில் ஒரு நொடி போதும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால், கணினி சொல்லும் விடை தப்பா சரியா என்று பாதி நேரம் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். விட்டம் பாதியாகும்போது நேரத்தில் முக்கால் பங்குதான் போயிருக்கும், நீரில் எட்டில் ஏழு பங்கு போயிருக்கும்.

கரைசலில் 10 சதவீதம் திடப்பொருள் இருந்தால் துகள் எவ்வளவு பெரிதாக இருக்கும்?

கெட்டியான, உள்ளே வெறுமையில்லாத துகள் என்றால் மிக எளிது. துளியின் விட்டத்தை, கரைசலின் செறிவுக்கும் திடப்பொருளின் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தால் பெருக்குங்கள். லிட்டருக்கு 100 கிராம் கரைந்திருக்கிறது, அடர்த்தி லிட்டருக்கு 1500 கிராம் என்றால், 50 மைக்ரான் துளி 20 மைக்ரான் துகளாகும்.

இது கனமூலம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துகள் பாதி அளவாக வேண்டுமென்று செறிவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஏன் மாறவில்லை என்று கேட்பார்கள். எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அவ்வளவு நீர்த்தால் ஆவியாக்கும் செலவு எகிறிவிடும். அதைவிட, கரைசலைத் தெளிக்கும் முனையான நாசிலை மாற்றித் துளியையே சிறிதாக்குவதுதான் வழி.

கணக்கில் 20 மைக்ரான் வந்து, அளந்தால் 32 மைக்ரான் இருந்தால், துகள் வெறுமையாக இருக்கிறது என்று அர்த்தம். பல நேரங்களில் கூடு கட்டியிருப்பதற்கு முதல் தடயம் இந்த வித்தியாசம்தான்.

கூடு ஏன் கட்டுகிறது? பெக்லே எண் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

கோடையில் வற்றும் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் வற்ற வற்றக் கரை உள்ளே நகர்கிறது. மீன் கரையோடு சேர்ந்து உள்ளே ஓடிவிடும். நத்தையால் முடியாது, கரையிலேயே மாட்டிக்கொள்ளும். கடைசியில் குளத்தைச் சுற்றி நத்தை ஓடுகள் வரிசையாகக் கிடக்கும்.

துளியிலும் அதேதான். மேற்பரப்பு உள்ளே சுருங்கிக்கொண்டே வருகிறது. கரைந்திருக்கும் மூலக்கூறு அதற்கு முன்னால் உள்ளே விரவி ஓட வேண்டும். இந்த இரண்டு வேகங்களின் விகிதம்தான் பெக்லே எண். விட்ட வர்க்கம் குறையும் வீதத்தை, விரவல் குணகத்தின் (பொருள் நீரில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் எண்) எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். ஒன்றுக்கு வெகு கீழே இருந்தால் எல்லாம் மீன், துகள் கெட்டியாக வரும். ஒன்றைத் தாண்டிப் பெரிதாகிவிட்டால் மேற்பரப்பில் பொருள் குவியும், கூடு கட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இந்த விகிதத்தில் துளியின் அளவே வராது. பெரிய துளி மெல்லக் காய்கிறது, ஆனால் உள்ளே ஓட வேண்டிய தூரமும் அதிகம். இரண்டும் அடிபட்டுப் போகும்.

பாலை வைத்து ஒரு கணக்குக் காட்ட முடியுமா?

பால் இதற்கென்றே அமைந்த உதாரணம், ஏனென்றால் அதில் மீனும் உண்டு, நத்தையும் உண்டு. 1955-ல் குஜராத்தின் ஆனந்தில், கைரா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் எருமைப் பாலிலிருந்து பவுடர் எடுக்கும் ஆலையைத் தொடங்கியது. எருமைப் பாலில் அது நடக்காது என்று அதற்கு முன் பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் எச். எம். தலாயா.

சரி, கணக்குக்கு வருவோம். காற்று 100 டிகிரி, விட்ட வர்க்கம் குறையும் வீதம் நொடிக்கு 7000 சதுர மைக்ரான். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையின் விரவல் குணகம் நீர்த்த நிலையில் நொடிக்குச் சுமார் 500 சதுர மைக்ரான். 7000-ஐ 4000-ஆல் வகுத்தால் 1.75. மேற்பரப்பில் லாக்டோஸின் செறிவு சராசரியைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு இருக்கும். பெரிய குவியல் ஒன்றுமில்லை. கரைந்திருக்கும் மோர்ப் புரதங்களில் பெரியவற்றுக்கு விரவல் குணகம் 60 அளவில். பெக்லே எண் 15-ஐ நெருங்குகிறது, மேற்பரப்பில் 5 மடங்குக்கு மேல் குவியும். கேசீன் மைசெல் என்பது புரதம் ஆயிரக்கணக்கில் கூடிய உருண்டை, விட்டம் 150 நானோமீட்டர். அதன் விரவல் குணகம் வெறும் 3. பெக்லே எண் 300. அதற்கு ஓட வாய்ப்பே இல்லை. மேற்பரப்பு எங்கே வந்து நிற்கிறதோ அங்கே அதுவும் நிற்கும்.

அதனால்தான் கொழுப்பு நீக்கிய பால் பவுடரின் வெளிப்புறத்தைச் சோதித்தால், உள்ளே இருப்பதைவிடப் புரதம் அதிகமாகவும் லாக்டோஸ் குறைவாகவும் தெரிகிறது. கொழுப்பும் மேற்பரப்பில் தன் பங்குக்கு மேல் நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் பெக்லே எண்ணின் தலையில் கட்டிவிடாதீர்கள். புரதத்துக்கு நீர்-காற்று எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும் இயல்பு தானாகவே உண்டு. கரைசலைத் துளிகளாக உடைக்கும் அட்டமைசரில் துளி கிழிபடும்போதே கொழுப்பு உருண்டைகள் வெளியே வந்துவிடுவதும் உண்டு. மாதிரியில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, விரவலை மட்டும் திருகித் திருகிச் சோதனை முடிவோடு பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் பொருந்தும், காரணம் பொருந்தாது.

இன்னொன்று: ஆலையில் பாலை அப்படியே தெளிப்பதில்லை. முதலில் எவாப்பரேட்டரில் 45, 50 சதவீதம் திடப்பொருள் வரும்வரை சுண்டக் காய்ச்சிவிடுவார்கள். அந்தக் கெட்டிப் பாலில் மேலே சொன்ன விரவல் குணகங்கள் எல்லாமே இன்னும் வெகுவாகக் குறையும். என் கணக்கு நீர்த்த துளிக்கானது. திசையைக் காட்டும், ஆலையின் எண்ணைத் தராது.

காற்று 180, 200 டிகிரியில் உள்ளே வருகிறது. பால் ஏன் கருகவில்லை?

ஈரமாக இருக்கும்வரை துளி தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்கு என்ன காரணமோ அதுதான். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே வருகிற வெப்பமும் வெளியே போகிற வெப்பமும் சரிக்குச் சரியாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். 200 டிகிரிக் காற்றிலும் அது 45, 50 டிகிரிதான்.

மேற்பரப்பில் நீர் குறைந்து ஆவியாதல் தளரும்போது வெப்பநிலை ஏறத் தொடங்கும். ஆனால் அதற்குள் காற்றும் தன் சூட்டை இழந்திருக்கும். துளியும் காற்றும் ஒரே திசையில் போகும் டிரையரில் வெளியேறும் காற்று 75 முதல் 90 டிகிரி. காய்ந்த துகள் சந்திப்பது இந்தக் காற்றைத்தான். ஆகவே பவுடரின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்றின் வெப்பநிலையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும்.

துளிக்குள்ளே வெப்பநிலையையும் அடுக்கடுக்காகக் கணக்கிட வேண்டுமா?

நுண்துளிக்கு வேண்டாம். 50 மைக்ரான் துளியில் வெப்பம் மையத்தை எட்ட 5 மில்லிநொடி போதும். லாக்டோஸ் அதே தூரத்தைக் கடக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். துளி மொத்தமாகக் காய்வதே மூன்றில் ஒரு நொடியில். வெப்பநிலைக்கு ஒரே எண் வையுங்கள், செறிவுக்கு மட்டும் அடுக்குகள் வையுங்கள்.

மேல் ஓடு கட்டிய பிறகு என்ன நடக்கும்? வடிவங்கள் ஏன் இத்தனை வகை?

இதைக் கண்ணால் பார்க்காமல் கணக்கில் எழுதுவது கஷ்டம். மெல்லிய கண்ணாடி இழையின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் துளியைத் தொங்கவிட்டு, சூடான காற்றை ஊதிக்கொண்டே கேமராவில் பார்ப்போம். சார்ல்ஸ்வொர்த்தும் மார்ஷலும் 1960-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படித்தான் கரைசல் துளிகளைக் காயவைத்து வடிவங்களை வகைப்படுத்தினார்கள். இன்றும் அந்த வகைப்பாட்டில்தான் நாங்கள் பேசுகிறோம்.

கெட்டிப் பால் துளி என்றால் முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பளபளவென்று சுருங்கிக்கொண்டே வரும். திடீரென்று அந்தப் பளபளப்பு மங்கும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் ஒரு மெல்லிய தோல். அடுத்த சில நொடிகளில் ஒரு பக்கம் லேசாகக் குழியும், விரலால் அழுத்திய பந்துபோல். குழி ஆழமாகிக்கொண்டே போய், சில துளிகளில் மறுபக்கம் வரை எட்டி, கடைசியில் மெதுவடை வடிவத்தில் ஒரு துகள் தொங்கும்.

குழியவைக்கும் விசை எங்கிருந்து வருகிறது? ஓடு என்பது துகள்கள் நெருக்கிக் கட்டிய சுவர் என்றால், இடையில் உள்ள சந்துகளில் நீர் வளைந்து நின்று சுவரை உள்ளே இழுக்கும். சந்தின் ஆரம் 10 நானோமீட்டர் என்றால் அந்த இழுப்பு வளிமண்டல அழுத்தத்தைப்போல் 140 மடங்கு. சுவர் மெலிந்ததாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தால் மடங்கிச் சுருங்கும். தடித்து விறைத்திருந்தால் தாங்கி நிற்கும், உள்ளே வெற்றிடமோ குமிழியோ உருவாகிக் கூடாகும். விறைப்பாக ஆனால் நொறுங்கும் தன்மையோடு இருந்தால் வெடிக்கும். காற்று 100 டிகிரிக்கு மேல் இருந்து, உள்ளே நீர் மாட்டிக்கொண்டால், அது கொதித்து ஓட்டைப் பூரிபோல் உப்பவைப்பதும் உண்டு.

இங்கேதான் நம் மாதிரிகளின் கை கட்டப்படுகிறது. ஓடு எப்போது கட்டும் என்பதை நன்றாகவே சொல்ல முடியும். கட்டிய ஓடு எங்கே மடங்கும் என்பதற்கு அதன் விறைப்பு தெரிய வேண்டும். ஈரம் பாதி இருக்கும்போது, நொடிக்கு நொடி மாறும் விறைப்பு. மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சிலிக்கா கூழ்மத் துளிகளைத் தெளித்துக் காயவைத்து, எக்ஸ்ரே அல்லது நியூட்ரான் கதிர் சிதறுவதை அளக்கும் சிறுகோணச் சிதறல் முறையில் இந்த மடங்கலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பந்து எப்போது வடையாகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

உப்புக் கரைசலும் சர்க்கரைக் கரைசலும் ஒரே மாதிரி காயுமா?

காயாது. உப்பு படிகமாகிறது, சர்க்கரை பெரும்பாலும் கண்ணாடியாகிறது, அதாவது படிக ஒழுங்கு இல்லாமலே இறுகிவிடுகிறது.

உப்பில் மேற்பரப்பு முதலில் தெவிட்டுநிலையை எட்டும். ஆனால் எட்டியவுடன் படிகம் வந்துவிடாது. தெவிட்டிய உப்புக் கரைசல் 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்தோடு சமநிலையில் இருக்கும். ஆனால் காற்றில் மிதக்கும் தூய உப்புத் துளி, ஈரப்பதம் 45 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கும். முதல் படிகக் கரு தோன்ற ஒரு தூண்டுதல் வேண்டும். தோன்றிவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் முழுத் துளியும் படிகம்.

மாதிரி எழுதும்போது நான் பார்ப்பது இதுதான்: மேற்பரப்பு தெவிட்டியதிலிருந்து துளி முழுக்கக் காயும்வரை எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது? அந்த நேரம் படிகம் வளரப் போதுமா? மருந்துத் தூள்களில் லியூசின் என்ற அமினோ அமிலத்தைக் கொஞ்சம் சேர்ப்பதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. அது நீரில் அதிகம் கரையாது. அதனால் சீக்கிரமே தெவிட்டி, வெளிப்புறத்தில் மெல்லிய ஓடாகப் படிந்துவிடும். சுருக்கம் விழுந்த அந்த ஓடு துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது, தூள் நன்றாகப் பறக்கும்.

நிரல் எழுதுகிறேன். எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது, எப்படிச் சமாளிப்பது?

இரண்டு வழிகள். ஒன்று, ஆரத்தை அந்தந்த நேரத்துத் துளி ஆரத்தால் வகுத்துவிடுங்கள். மையம் எப்போதும் 0, மேற்பரப்பு எப்போதும் 1. துளி சுருங்கினாலும், கணக்குக்காகப் பிரித்த கட்டம் அசையாது. பதிலாக, சமன்பாட்டில் எல்லை நகர்வதால் வரும் ஓர் உறுப்பு கூடுதலாகச் சேரும். இரண்டாவது, தூரத்துக்குப் பதிலாகத் திடப்பொருளின் நிறையையே அளவுகோலாக வைப்பது. மையத்திலிருந்து இத்தனை பங்கு திடப்பொருள் வரை என்று அடுக்குகளைப் பிரித்தால், ஒவ்வோர் அடுக்கிலும் திடப்பொருள் மாறவே மாறாது, நீர் மட்டும் அடுக்குவிட்டு அடுக்கு போகும். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன்.

முதல் வழியில் நான் ஆரம்பத்தில் எழுதிய நிரலில், அந்தக் கூடுதல் உறுப்பை எல்லையில் தவறான குறியோடு போட்டிருந்தேன். வரைபடங்கள் பார்க்க அழகாகவே இருந்தன. மேற்பரப்பில் செறிவு ஏறியது, வெப்பநிலை ஈரக்குமிழில் நின்றது, பிறகு உயர்ந்தது. மூன்று வாரம் கழித்து, துளியில் உள்ள மொத்தச் சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அது மெல்லக் குறைந்துகொண்டே போனது தெரிந்தது. ஆவியாகாத சர்க்கரை எங்கே போகும்? அன்றிலிருந்து என் நிரலில் ஒவ்வொரு நேரப்படியிலும் திடப்பொருளைக் கூட்டி, தொடக்க அளவோடு ஒப்பிடும் ஒரு வரி கட்டாயம் இருக்கும். நீங்களும் முதல் நாளே அந்த வரியை எழுதிவிடுங்கள்.

கட்டங்களைச் சீராகப் பிரிக்காதீர்கள். நடப்பதெல்லாம் மேற்பரப்பை ஒட்டி நடக்கிறது. அங்கே நெருக்கமாகவும் மையத்தில் அகலமாகவும் வையுங்கள். கட்டங்களை இரட்டிப்பாக்கி, ஓடு கட்டும் நேரம் மாறுகிறதா என்று பாருங்கள்.

என் மாதிரி முதல் பாதியில் சோதனையோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது, பின்பாதியில் விலகிவிடுகிறது. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் வருவது இது. பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: விரவல் குணகத்தை மாறிலியாக வைத்திருப்பீர்கள்.

முதல் பாதியில் ஆவியாதலைக் கட்டுப்படுத்துவது வெளியே இருக்கும் காற்று. துளிக்குள்ளே நீங்கள் என்ன எழுதினாலும் கோடு பொருந்தும். அந்தப் பொருத்தத்தை வைத்து மாதிரி சரி என்று நினைத்துவிடக்கூடாது. பின்பாதியில் கட்டுப்பாடு துளிக்குள் வந்துவிடுகிறது. சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும், கம்பிப் பதத்திலிருந்து கல்லாக இறுகுவதற்கு இடையில் போகும் நீர் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நீர் போவதற்குள், பாகில் நீர் நகரும் வேகம் பல ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். அதை மாறிலி என்று எழுதினால் கணினி துளியை மிக வேகமாகக் காயவைத்துவிடும்.

ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைச் சமன்பாட்டைத் தீர்ப்பதில் செலவிடாதீர்கள். உங்கள் பொருளுக்கு விரவல் குணகம் செறிவோடும் வெப்பநிலையோடும் எப்படி மாறுகிறது, நீர்ச் செயல்திறன் (பொருளில் உள்ள நீர் எவ்வளவு எளிதில் ஆவியாகத் தயாராக இருக்கிறது என்பதன் அளவு) ஈரத்தோடு எப்படி மாறுகிறது என்ற இரண்டு வளைவுகளைத் தேடிப் பிடிப்பதில் செலவிடுங்கள். சுக்ரோஸ், லாக்டோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்து எடுக்கும் தூள்), கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றுக்கு அளந்த தரவுகள் உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், மெல்லிய படலமாக ஊற்றிக் காயவைத்து எடை குறைவதை அளந்து நீங்களே எடுப்பது உத்தமம். இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரம் இல்லாமல் செய்த மாதிரிகளை நான் நம்புவதில்லை.

நீரே போகிறது என்றால் காபியின் மணமும் சேர்ந்து போய்விடாதா? மணம் தரும் பொருள்கள் நீரைவிடச் சுலபமாக ஆவியாகுமே?

இந்தத் துறையில் எனக்கு முதன்முதலில் ஆசை வந்ததே இந்தக் கேள்வியால்தான். ஆவியாகும் தன்மையை மட்டும் பார்த்தால், இன்ஸ்டன்ட் காபியில் மணமே மிஞ்சக்கூடாது. ஆனால் மிஞ்சுகிறது.

நெதர்லாந்தில் டெய்சனும் ருல்கென்ஸும் 1968-ல் இதற்குக் காரணம் சொன்னார்கள். மேற்பரப்பில் நீர் குறையும்போது நீரின் விரவலும் குறைகிறது, மண மூலக்கூறின் விரவலும் குறைகிறது. ஆனால் பெரிய மூலக்கூறான மணத்துக்குக் குறைவது பலமடங்கு அதிகம். மேற்பரப்பு ஓரளவுக்கு மேல் காய்ந்ததும், அந்தத் தோல் நீரை விடும், மணத்தை விடாது. சல்லடைபோல் ஆகிவிடும். அப்படியானால் மணத்தைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்? மெதுவாக, மென்மையாகக் காயவைப்பது தப்பு. தோல் சீக்கிரம் கட்ட வேண்டும். கெட்டியான கரைசலாகத் தெளித்து, தொடக்கத்திலேயே வேகமாகக் காயவைக்க வேண்டும். வேகமான வெப்பம் மணத்தைத் துரத்தும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர்.

மில்லிமீட்டர் துளியில் சோதித்துவிட்டு அதை 50 மைக்ரான் துளிக்குச் சொல்லலாமா?

பாதி சொல்லலாம். பெக்லே எண்ணில் அளவு வராது என்று முன்பே சொன்னேன். அதனால் செறிவுப் பரவல், ஓடு கட்டும் ஈரம் போன்றவை ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் காயும் நேரம் விட்ட வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் துளி, 50 மைக்ரான் துளியைவிட 400 மடங்கு நேரம் எடுக்கும். அத்தனை நேரம் கிடைத்தால் வராத படிகமும் வந்துவிடும். டிரையரில் கண்ணாடியாக வரும் பொருள் இழை நுனியில் படிகமாகத் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஒலியலையால் அந்தரத்தில் நிறுத்தியோ, ஒரே அளவுத் துளிகளைச் சங்கிலியாக விழவிட்டோ செய்யும் சோதனைகள் இழையைவிட நல்லவை, ஆனால் கருவிச் செலவு அதிகம்.

டேபிளில் காயும் காபிச் சொட்டு ஓரத்தில் வளையம் விடுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே சொட்டின் விளிம்பு டேபிளோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பதால், உள்ளிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடித் துகள்களைச் சுமந்து போகிறது. காற்றில் இருக்கும் துளிக்கு ஒட்டிக்கொள்ள விளிம்பே கிடையாது.

முழு டிரையரையும் சிஎஃப்டியில் (காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) செய்கிறேன். ஒவ்வொரு துளிக்குள்ளும் இத்தனை அடுக்குகள் வைக்க முடியாதே?

முடியாது, வைக்கவும் வேண்டாம். லட்சக்கணக்கான துளிகளைப் பின்தொடரும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சுருக்கமான வீதச் சூத்திரம் போதும். வழக்கத்தில் இரண்டு உண்டு. பழையது, காயும் வளைவை அப்படியே எடுத்துக்கொண்டு, ஓர் எல்லை ஈரத்துக்குக் கீழே வீதம் படிப்படியாகக் குறைவதாக வைப்பது. மற்றது, சென் என்ற ஆய்வாளரின் குழு 1990-களில் கொண்டுவந்த வினைப் பொறியியல் அணுகுமுறை. நீர் வெளியேறுவதை, தாண்ட வேண்டிய ஒரு மேடாக அது பார்க்கிறது. துளி ஈரமாக இருக்கும்போது மேடே இல்லை. காயக் காய மேடு உயரும். ஒரே பொருளுக்கு, ஒரே தொடக்கச் செறிவில், இந்த மேட்டின் வளைவைச் சரியாக அளவிட்டு வைத்தால், வெவ்வேறு காற்று வெப்பநிலைகளுக்கும் அது ஏறக்குறைய ஒரே வளைவாக விழுகிறது. ஒரு நல்ல ஒற்றைத்துளிச் சோதனையில் எடுத்த வளைவு முழு டிரையருக்கும் உதவும். பால் பொருள்களில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

சுருக்கச் சூத்திரம் துகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. டிரையரில் துகள் போகும் பாதையையும் அது சந்திக்கும் வெப்பநிலை, ஈரப்பத வரலாற்றையும் சிஎஃப்டியில் எடுத்து, அதில் பத்து இருபது துகள்களை மட்டும் அடுக்கு மாதிரிக்குள் தனியே ஓட்டிப் பாருங்கள்.

பழச்சாறு தெளித்தால் எல்லாம் டிரையர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மாதிரி இதற்கு ஏதாவது சொல்லுமா?

சொல்லும். காய்ந்த சர்க்கரை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடி, மேலே பிசின். முழுக்கக் காய்ந்த லாக்டோஸுக்கு அது 101 டிகிரி. 4 சதவீதம் ஈரம் இருந்தாலே 50 டிகிரி அருகே இறங்கிவிடும். துகளின் மேற்பரப்பு இந்த வரம்பை 10, 20 டிகிரி தாண்டிய நிலையில் சுவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பழத்தில் இருப்பதோ குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். காய்ந்த குளுக்கோஸுக்கு 31 டிகிரி, ஃபிரக்டோஸுக்கு வெறும் 5 டிகிரி. எந்த டிரையரில் போட்டாலும் பிசின்தான். அதனால்தான் மாம்பழமோ எலுமிச்சையோ, சாற்றோடு மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்துதான் தெளிக்கிறார்கள்.

மாதிரியில் செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு நொடியும் துகளின் சராசரி ஈரத்தை அல்ல, வெளி அடுக்கின் ஈரத்தை எடுத்து, அதற்கான கண்ணாடி வெப்பநிலையைக் கணக்கிட்டு, துகளின் வெப்பநிலையோடு ஒரே படத்தில் வரையுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் டிரையரின் எந்த உயரத்தில் வருகிறது என்று பாருங்கள். துகள் அதற்கு முன்பே சுவரை எட்டுகிறது என்றால், நாசிலின் தெளிப்புக் கோணத்தைக் குறுக்குங்கள், அல்லது மால்டோடெக்ஸ்ட்ரினைக் கூட்டிக் கோட்டை மேலே ஏற்றுங்கள். சராசரி ஈரத்தை வைத்து வரைந்தால் வெட்டுப்புள்ளி உண்மையில் இருப்பதைவிடக் கீழே காட்டும், ஏனென்றால் வெளி அடுக்கு எப்போதும் முதலில் காய்ந்துவிடுகிறது.